கணவரின் இறுதிச் சடங்குக்குப் பிறகு தொடங்கும் படம்

1982 மே 12 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு படம் ஒளிபரப்பானது. பெயர் ‘எலினோர், ஃபர்ஸ்ட் லேடி ஆஃப் தி வேர்ல்ட்’. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைப் பற்றிய படம்தான். ஆனால் வெள்ளை மாளிகையில் அவர் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகள் இதன் விஷயம் இல்லை. கணவர் இறந்த பிறகு, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஐக்கிய நாடுகள் சபையில் போய் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

இந்த வகைப் படத்துக்கென்று தனிப் பெயர் எதுவும் கிடையாது. ஆனாலும் இது ஒரு வகை. அரசியல் தலைவர் ஒருவர் இறந்துவிடுகிறார், அவருடைய மனைவி அதற்குப் பிறகும் பொதுவாழ்வில் இருக்கிறார், டிவிக்காக எடுக்கப்படும் படம் ஒன்று அந்தப் பிற்கால வாழ்க்கையை மட்டும் வெட்டி எடுத்துச் சொல்கிறது. இதை எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது, எங்கே சற்றுச் சந்தேகப்படுவது என்பதற்கு எலினோரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அதனால் அவரை வைத்தே பேசுவோம்.

முதலில் ‘டிவி படம்’ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் ஓடி முடிந்து பொங்கலுக்கு டிவியில் போடுகிற படத்தைச் சொல்லவில்லை. தொடரும் இல்லை. டிவிக்காகவே எழுதி, டிவிக்காகவே எடுத்து, ஒரே இரவில் (சில சமயம் இரண்டு இரவுகளில்) காட்டி முடிக்கிற படம். நம் ஊரில் தூர்தர்ஷன் காலத்தில் டெலிஃபிலிம் என்று சொன்னது இதைத்தான். அமெரிக்காவில் 1964-இல் என்.பி.சி. தொலைக்காட்சி இதைத் தொடங்கியது, 1969 முதல் ஏ.பி.சி. தொலைக்காட்சி வாரம் ஒரு படம் என்று போட ஆரம்பித்ததும் பெரிய வியாபாரமாகிவிட்டது.

இந்த வியாபாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. தியேட்டர் படத்துக்கு முதல் நாள் விமர்சனம் வரும், பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள், இரண்டாவது வாரத்தில் கூட்டம் கூடலாம். டிவி படத்துக்கு இருப்பது அந்த ஒரு இரவு மட்டும். யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குள் படம் முடிந்துவிடும். ஆகவே வார இதழில் ஒற்றை வரி விளம்பரத்தைப் பார்த்ததுமே ‘ஓ, இவர் கதையா, பார்க்கலாமே’ என்று தோன்ற வேண்டும். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெயருக்கு அந்தச் சக்தி உண்டு. அமெரிக்க டிவி இத்தனை வாழ்க்கை வரலாற்றுப் படங்களை எடுத்துத் தள்ளியதற்குப் பெரிய காரணம் வரலாற்றுப் பற்று என்று நான் நினைக்கவில்லை. தெரிந்த பெயர் தானே விளம்பரம் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். மே மாதம் என்பதையும் கவனியுங்கள். ஆண்டில் சில குறிப்பிட்ட மாதங்களில் பார்வையாளர் எண்ணிக்கையை விரிவாகக் கணக்கெடுத்து, அதை வைத்து உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணத்தை நிர்ணயிக்கும். மே அதில் ஒன்று. சிறப்புப் படங்களை அந்த மாதங்களில் இறக்குவது வழக்கம்.

சரி, தெரிந்த பெயர் வேண்டும். அப்படியென்றால் எல்லாருக்கும் தெரிந்த பகுதியைத்தானே எடுக்க வேண்டும்? அதைத்தான் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்களே. 1976-இல் ஏ.பி.சி. ‘எலினோர் அண்ட் ஃபிராங்க்ளின்’ என்று இரண்டு இரவுகளுக்கு ஒரு படம் போட்டது. ஜேன் அலெக்சாண்டர் எலினோராகவும் எட்வர்ட் ஹெர்மன் ஃபிராங்க்ளினாகவும் நடித்தார்கள். மறு ஆண்டே வெள்ளை மாளிகை ஆண்டுகளை மட்டும் வைத்து அடுத்த பாகம். இரண்டுக்கும் அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மி கிடைத்தது. கல்யாணம், கணவருக்கு வந்த போலியோ, தேர்தல்கள், பொருளாதார வீழ்ச்சி, போர் எல்லாம் அங்கே வந்துவிட்டன. 1945 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் இறக்கிறார், கதை முடிகிறது. மனைவியின் பெயரைத் தலைப்பில் முதலில் போட்ட படத்துக்கும் முடிவு கணவரின் மரணம்தான். சி.பி.எஸ். படம் சரியாக அந்த இடத்திலிருந்து கிளம்புகிறது.

அரசியல் தலைவரின் விதவை பொதுவாழ்வுக்கு வருகிற வழிகளில் மிகவும் பழக்கமானது கணவரின் நாற்காலியில் உட்காருவது. அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான ஹாட்டி கேரவே அப்படி வந்தவர்தான். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கணவர் இறந்ததும் 1931-இல் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டு, 1932-இல் மக்களிடம் போய் ஜெயித்தார். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960-இல் உலகின் முதல் பெண் பிரதமரானதும் இந்த வழியில்தான். இன்னொரு வழி, கணவரின் நினைவுக்குக் காவல் இருப்பது. கென்னடி சுடப்பட்டு ஒரே வாரத்தில் அவர் மனைவி ஜாக்குலின் ஒரு பத்திரிகையாளரை வரவழைத்து, கணவரின் ஆட்சிக்காலத்தை ஆர்தர் மன்னன் கதையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் படிமம் இன்றுவரை போகவில்லை. எலினோர் இந்த இரண்டிலும் அடங்கமாட்டார். தேர்தலில் நிற்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது கணவர் ஒருநாளும் செய்திராத, அன்றைய தேதியில் உலகத்துக்கே புதிதான ஒரு வேலை.

அந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வகைப் படத்தின் முதல் பத்து நிமிடம் அங்கேதான் இருக்கிறது.

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோகிறார். வாஷிங்டனில் துணை அதிபர் ஹாரி ட்ரூமனை அவசரமாக வெள்ளை மாளிகைக்கு வரச் சொல்கிறார்கள். அவர் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எலினோர் அவர் தோளில் கை வைத்து அதிபர் இறந்துவிட்ட செய்தியைச் சொல்கிறார். உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா என்று ட்ரூமன் கேட்க, நாங்கள் உங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா, இப்போது சிக்கலில் மாட்டியிருப்பவர் நீங்கள்தானே என்கிறார் எலினோர். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதைவிட நல்ல வசனம் எழுதிவிட முடியாது.

பன்னிரண்டு ஆண்டு வீட்டைக் காலி செய்துவிட்டு நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தில் இருந்த தன் அடுக்ககத்துக்குப் போகிறார். வாசலில் காத்திருந்த நிருபரிடம், கதை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் என்பது பிரபலமான தகவல். அதே வேளையில், 1935 கடைசியிலிருந்து வாரம் ஆறு நாள் எழுதிவந்த ‘மை டே’ என்ற செய்தித்தாள் பத்தியை, இறுதிச் சடங்கு முடிந்த சில நாட்களிலேயே மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். கதை முடிந்துவிட்டது என்று சொன்னவர் மறுநாள் பத்திக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்! நல்ல இயக்குநர் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் காட்சிகளாக வைப்பார்.

டிசம்பரில் ட்ரூமன் அழைக்கிறார். லண்டனில் 1946 ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டம், அமெரிக்கத் தூதுக்குழுவில் நீங்களும் போக வேண்டும் என்கிறார். வெளியுறவில் எனக்கு அனுபவம் கிடையாதே என்று எலினோர் தயங்குகிறார். அவருடைய செயலாளர் மால்வினா தாம்ப்சன்தான் ஒத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறார். செனட்டில் ஒரே ஒருவர் எதிர்த்து ஓட்டுப் போட, நியமனம் உறுதியாகிறது.

குயின் எலிசபெத் கப்பலில் பயணம். அறைக்குள் போனால் மேசையில் ரகசியம் என்று முத்திரை குத்திய காகிதக் கட்டு. படிக்கப் படிக்கத் தூக்கம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். தூதுக்குழுவில் அவர் ஒருவர்தான் பெண். நான் தோற்றால் எலினோர் தோற்றாள் என்று சொல்லமாட்டார்கள், பெண்களே இதற்கு லாயக்கில்லை என்பார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. குடியரசுக் கட்சி செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் கப்பலின் நடைவழியில் அவரைப் பார்த்து, உங்களை மூன்றாவது குழுவில் போட்டிருக்கிறோம் என்று தெரிவிக்கிறார். சமூகம், மனிதநேயம், பண்பாடு ஆகிய விஷயங்களுக்கான குழு அது. அரசியல், பொருளாதாரம், சட்டம் என்கிற பெரிய குழுக்களை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே இவரால் எந்தத் தொந்தரவும் வராது என்ற கணக்கு அது என்பது எலினோருக்கும் நன்றாகப் புரிந்திருந்தது.

கணக்கு தப்பிவிட்டது. அந்த ஆண்டின் பெரிய சண்டை மூன்றாவது குழுவில்தான் வெடித்தது. போர் முடிந்து ஜெர்மனியிலும் சுற்றுவட்டாரத்திலும் முகாம்களில் சுமார் பத்து லட்சம் பேர் கிடந்தார்கள். யூதர்கள், போலந்துக்காரர்கள், உக்ரைனியர்கள், பால்டிக் நாட்டவர்கள். பலருக்குச் சொந்த ஊருக்குத் திரும்பப் பயம். திரும்ப மறுப்பவர்கள் எல்லாரும் துரோகிகள், அவர்களைக் கட்டாயமாக அனுப்ப வேண்டும் என்றது சோவியத் தரப்பு. போவதா வேண்டாமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் எலினோர். குழுவில் விவாதம் முடிந்து விஷயம் பொதுச்சபைக்குப் போனது. அங்கே சோவியத் தரப்பில் எழுந்தவர் ஆந்த்ரே விஷின்ஸ்கி. 1930-களில் ஸ்டாலினின் மாஸ்கோ விசாரணைகளில் அரசு வழக்குரைஞராக இருந்து, பழைய போல்ஷெவிக் தலைவர்களுக்கு மரண தண்டனை வாங்கிக்கொடுத்தவர். பேச்சில் புலி.

அமெரிக்கத் தரப்பில் அவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து படித்திருந்தது ஒருவர்தான். எலினோரை நியமிக்கவே கூடாது என்று முன்பு எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர், தூதுக்குழுவில் உடன் வந்திருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், கொஞ்சம் சங்கடத்துடன், நீங்கள்தான் பேச வேண்டும் என்று அவரிடமே வந்து நின்றார்.

கையில் எழுதிய உரை இல்லாமல் எலினோர் பேசினார். நேரம் இரவாகிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்கப் பிரதிநிதிகள் வாக்கெடுப்புக்கு முன்பே சாப்பிடக் கிளம்பிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. அதனால் பேச்சில் சிமோன் பொலிவாரை இழுத்தார். லத்தீன் அமெரிக்க மக்களின் விடுதலைக்காக அவர் நின்றதைப் பற்றி நீட்டிப் பேசினார். அவர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. வாக்கெடுப்பில் அமெரிக்கத் தரப்பு ஜெயித்தது. தந்திரம் என்று தெரிந்தே செய்ததாகத் தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மென்மையான பாட்டி என்கிற படிமத்துக்குப் பின்னால் கட்சி அரசியலில் இருபது ஆண்டுக்கு மேல் ஊறிய ஒரு தேர்ந்த அரசியல்வாதி இருந்தது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. லண்டன் கூட்டம் முடியும்போது டல்லஸ் வந்து, உங்கள் நியமனத்தைத் தடுக்க முயன்றோம், ஆனால் உங்களோடு வேலை பார்த்தது மகிழ்ச்சி என்று ஒப்புக்கொண்டார். வாண்டன்பர்க், அவரைப் பற்றி இதுவரை சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன், அதுவும் நிறையவே சொல்லியிருக்கிறேன் என்றார்.

இப்போது படம் எடுப்பவர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன கதையில் ஓட்டம் உண்டா? துப்பாக்கி உண்டா? ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பேசுகிறார்கள், கை தூக்குகிறார்கள். பெரிய திரைக்கு இது கஷ்டம். ஆனால் டிவி படம் என்ற வடிவத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. அன்றைய டிவிப் பெட்டி சிறியது, கிட்டத்தட்டச் சதுரமானது. அதில் பத்தாயிரம் பேர் கூட்டத்தைக் காட்டினால் எறும்புக் கூட்டம்போல இருக்கும். ஒரு முகத்தை அருகில் காட்டினால் நிறைந்து நிற்கும். பட்ஜெட் குறைவு, படப்பிடிப்பு சில வாரங்கள் மட்டும். போர்க்களத்தைக் கட்ட முடியாது, கூட்ட அறையைக் கட்டலாம். அதனால் பேச்சும் முகமும் அறையும் இருக்கிற கதைகள்தான் டிவி படத்தில் எடுபடும். அரசியல் விதவையின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் அப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கிறது.

விளம்பர இடைவெளி இதன் இன்னொரு பக்கம். நம் படத்துக்கு ஒரே இடைவேளை. அதற்கு முன் ஒரு திருப்பம் வைத்தால் போதும். அமெரிக்க டிவியின் இரண்டு மணி நேர ஒதுக்கீட்டில் விளம்பரங்கள் போக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் படம். அதையும் ஏழெட்டுத் துண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும், ரிமோட்டை எடுக்கத் தோன்றாதபடி ஏதாவது நடக்க வேண்டும். எலினோரின் கதையில் அந்த முடிச்சுகள் எங்கே விழும் என்று எளிதாக ஊகிக்கலாம். ட்ரூமன் அழைக்கிறார், வெட்டு. மூன்றாவது குழு என்கிறார்கள், வெட்டு. விஷின்ஸ்கிக்கு யார் பதில் சொல்வது, வெட்டு. இந்த அமைப்பினால் ஒரு பக்கவிளைவு உண்டு. எதிராளி ஒருவர் வேண்டும், அவருக்கு முகம் வேண்டும், படம் முழுக்க அவர் வர வேண்டும். 1982 படத்தில் டல்லஸுக்கு அந்த இடம் பொருத்தமாக அமைந்தது, ஈ.ஜி. மார்ஷல் நடித்தார். உண்மையில் எலினோருக்கு இருந்த எதிர்ப்பு ஒரு ஆளாக இருக்கவில்லை. வெளியுறவுத் துறை, செனட், தன் கட்சியின் தென்மாநிலப் பிரிவு, சோவியத் ஒன்றியம், சில சமயம் தன் சொந்தத் தயக்கம் என்று சிதறிக் கிடந்தது. டிவி படத்தில் ஒரு ஆள் அடிக்கடி வந்து முறைக்கிறார் என்றால், பல பேர் செய்த வேலையை அவர் தலையில் கட்டியிருக்க வாய்ப்புண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலினோராக நடித்தவர் ஜீன் ஸ்டேபிள்டன். பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்காவில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. 1971 முதல் ஓடிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற நகைச்சுவைத் தொடரில் வாய்த்துடுக்கான கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட வெகுளி மனைவி எடித் பங்கராக வந்தவர். கீச்சுக் குரல், அறைக்கும் சமையலறைக்கும் இடையே ஓட்டம். அந்த வேடத்திலிருந்து வெளியே வர அவர் விரும்பியதால், 1980-இல் எடித் இறந்துவிட்டதாகவே கதையை மாற்றினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தப் படம். அடுப்படியில் பார்த்த அதே முகம் இப்போது ஐ.நா. மேசையில் விஷின்ஸ்கியை எதிர்கொள்கிறது. எலினோருக்கும் உச்சத்தில் போய் நடுங்குகிற குரல். அதற்காகப் பத்திரிகைகளில் கேலி வாங்கி, பயிற்சி எடுத்துக்கொண்டு பேசக் கற்றவர். இந்தத் தேர்வை யார் யோசித்தாரோ, அவருக்கு ஒரு சபாஷ். டிவி படத்தில் நடிகருடைய பழைய வேடமும் கூடவே வந்து உட்காரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். ஸ்டேபிள்டன் இதற்காக எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இயக்கம் ஜான் எர்மன்.

எலினோரின் பிற்கால வாழ்வில் சிகரம் என்று எல்லாரும் சொல்வது மனித உரிமைப் பிரகடனம். ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு அவர் தலைவர். லெபனானின் சார்லஸ் மாலிக், சீனாவின் பி.சி. சாங், பிரான்சின் ரெனே காசான், சிலியின் எர்னான் சாந்தா குரூஸ் என்று ஆளுக்கொரு தத்துவம். கனடாக்காரரான ஜான் ஹம்ப்ரி ஐ.நா. செயலகத்தில் இருந்து முதல் வரைவைத் தயாரித்தார். 1947-இல் எலினோர் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தபோது சாங்கும் மாலிக்கும் தத்துவத்தில் இறங்கிவிட்டார்கள். செயலக ஆட்கள் சில மாதம் கன்பூசியஸைப் படித்தால் நல்லது என்றார் சாங். எலினோர் தேநீரை ஊற்றிக்கொண்டு கேட்டபடி இருந்திருக்கிறார். அந்த ஒரு தேநீர்க் காட்சியே தனிப் படத்துக்குப் போதும்.

இந்தியாவின் ஹன்சா மேத்தாவும் ஆணையத்தில் இருந்தார். முதல் ஷரத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்த சொல்லாட்சியை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தது அவர்தான். வழக்கமான பொருளில் அது பெண்களையும் சேர்த்துத்தானே என்று எலினோர் முதலில் நினைத்தார். சில நாடுகளில் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மேத்தா விடவில்லை. கதாநாயகி ஒருவர்தான் என்ற கட்டாயத்தில் எடுக்கப்படும் படங்களில் இப்படிப்பட்டவர்கள்தான் முதலில் காணாமல் போகிறவர்கள்.

தலைவராக எலினோர் கறார். 1947 டிசம்பரில் ஜெனீவாவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இரவு வரை கூட்டம் நடத்தினார். பிரதிநிதிகளுக்கும் மனித உரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள் என்று பனாமா பிரதிநிதி கெஞ்சியதாக ஒரு கதை உண்டு. சோவியத் பிரதிநிதி பாவ்லோவ் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனபோது, அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துச் சுத்தியலை ஓங்கித் தட்டி, நாம் ஒருவர் அரசாங்கத்தை ஒருவர் திட்டிக்கொள்ள இங்கே வரவில்லை என்றார். பாரிஸில் 1948 இலையுதிர் காலத்தில் மூன்றாவது குழு மட்டும் இந்த வரைவுக்காக 80 தடவைக்கு மேல் கூடியது. டிசம்பர் 10 நள்ளிரவு நெருங்கும்போது வாக்கெடுப்பு: ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் விலகியவை 8. சோவியத் அணியின் ஆறு நாடுகளும் சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும் விலகியவை. சபை எழுந்து நின்று எலினோருக்குக் கைதட்டியது.

படத்துக்கு இதைவிட நல்ல கிளைமாக்ஸ் கிடையாது. அதனாலேயே இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தக் கைதட்டலைக் கேட்டால் அங்கேயே எல்லாம் நிறைவேறிவிட்டதுபோல இருக்கும். பிரகடனத்துக்குச் சட்ட வலிமை கிடையாது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகள் வர 1966 ஆனது. அப்போது எலினோர் உயிரோடு இல்லை.

இன்னொன்று படத்துக்கு வசதிப்படாதது. 1947-இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., டபிள்யூ.ஈ.பி. டூ பாய்ஸ் தலைமையில் தயாரித்த மனு ஒன்றை ஐ.நா.விடம் கொடுத்தது. அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு நடக்கும் கொடுமையை உலக சபை விசாரிக்க வேண்டும் என்று கேட்ட மனு. எலினோர் அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மறுத்ததற்காக 1939-இல் ஒரு பெரிய பெண்கள் சங்கத்திலிருந்தே விலகியவர். ஆனால் இந்த மனுவை அவர் முன்மொழியவில்லை. சோவியத் தரப்பு இதை ஆயுதமாக்கும் என்ற காரணம் சொல்லப்பட்டது. அந்த ஆண்டில் அவர் தன் மனசாட்சியின் பிரதிநிதியாக மட்டும் இல்லை, அமெரிக்க அரசாங்கத்தின் பிரதிநிதியாகவும் இருந்தார். விதவையின் பிற்கால வாழ்வைச் சொல்கிற படம் அவரை முழு மனுஷியாகக் காட்ட நினைத்தால், பாரிஸ் கைதட்டலை விட இந்த இடம்தான் நல்ல பொருள் என்பது என் எண்ணம்.

அந்தரங்கத் துக்கமும் இப்படித்தான். வார்ம் ஸ்பிரிங்ஸில் ஃபிராங்க்ளின் கடைசி நாட்களில் இருந்தபோது கூட இருந்தவர்களில் லூசி மெர்சர் ரதர்ஃபர்ட்டும் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன் ஃபிராங்க்ளினுக்கும் அவருக்கும் இருந்த காதல் உறவு எலினோருக்குத் தெரியவந்து கல்யாணமே முறிகிற நிலைக்குப் போயிருந்தது. லூசி அங்கே இருந்ததும், சந்திப்புகளுக்கு மகள் அன்னாவே ஏற்பாடு செய்ததும் எலினோருக்குக் கணவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. ட்ரூமனிடம் அந்த அழகான வசனத்தைச் சொன்ன அதே ஏப்ரலில் அவர் சுமந்தது இதையும்தான். 1945-இல் தொடங்கும் எந்தப் படத்துக்கும் இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது: அவருடைய பிற்கால உழைப்பைக் கணவரின் லட்சியத்தைத் தொடர்வதாகக் காட்டுவதா, அவரிடமிருந்து கடைசியில் கிடைத்த விடுதலையாகக் காட்டுவதா? அம்மாவும் மகளும் பேசிக்கொள்கிற காட்சி எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தால் திரைக்கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பதற்குப் பதிவு கிடையாது, எழுதுபவர் கற்பனைதான். பொதுச்சபை உரைகளுக்கு எழுத்துப் பதிவு இருக்கிறது. டல்லஸின் ஒப்புதல் எலினோரின் சுயசரிதை வழியாக வருகிறது, அதாவது ஒரு தரப்பின் நினைவு. டிவி படம் இந்த மூன்றையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தொனியில் காட்டும். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

1953-இல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் அதிபர் பதவிக்கு வந்ததும் எலினோரின் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பிறகும் நிற்கவில்லை. ஐ.நா. ஆதரவுச் சங்கத்தில் போய் வேலை பார்த்தார், 1957-இல் யால்டாவில் சோவியத் தலைவர் குருஷ்சேவைப் பேட்டி எடுத்தார், 1961-இல் கென்னடி அமைத்த பெண்கள் நிலை பற்றிய ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். 1962 நவம்பர் 7 அன்று 78 வயதில் இறந்தார்.

இதே வகையில் இன்னொரு படம் தேடுபவர்களுக்கு 2013-இல் லைஃப்டைம் சேனலில் வந்த ‘பெட்டி அண்ட் கொரெட்டா’ இருக்கிறது. கொலை செய்யப்பட்ட கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் மனைவி பெட்டி ஷபாஸாக மேரி ஜே. பிளைஜும், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவாக ஏஞ்சலா பாசெட்டும் நடித்தார்கள். அங்கேயும் அதே பிரச்சினைதான். கிங்கின் பிறந்தநாளை தேசிய விடுமுறையாக்க கொரெட்டா பதினைந்து ஆண்டு கதவு கதவாகத் தட்டினார். 1983-இல் ரீகன் கையெழுத்திட்டார். பதினைந்து ஆண்டுக் கதவு தட்டலை எப்படிக் காட்சியாக்குவது? இரண்டு பெண்களின் நட்பை முதுகெலும்பாக வைத்து, மூத்த நடிகை ரூபி டீயைக் கதை சொல்ல வைத்து அந்தப் படம் சமாளித்தது. ஷபாஸின் மகள்களில் ஒருவர் அதில் தவறுகள் இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். எலினோர் படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தால், தனி அறையில் நடக்கிற பேச்சுகளை இரண்டு படங்களும் எங்கே வைக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.